16 மாதம், மூன்று தெர்மாமீட்டர்: ரத்தப் புற்றுநோயாளி இருக்கும் வீட்டுக்கு எது சரி?

அம்மாவுக்கு மல்டிபிள் மைலோமா என்று தெரிந்து 16 மாதம் ஆகிறது. இந்த 16 மாதத்தில் வீட்டுக்கு வந்த சாமான்களில் அதிகம் உழைத்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: நாக்குக்கு அடியில் வைக்கிற சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். பேனா அளவுதான் இருக்கும், நுனி ரப்பர் மாதிரி வளையும். அதற்கு முன்னால் நெற்றிக்கு நேராகக் காட்டும் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். நடுவில் காதில் வைப்பது ஒன்று. மூன்றையும் பற்றி எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. நான் கண்ட வித்தியாசம் கம்பெனியில் இல்லை, எந்த இடத்தில் எப்படி அளக்கிறது என்பதில் இருந்தது.

ஒரு தெர்மாமீட்டருக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். மற்ற வீடுகளில் அரை டிகிரி முன்னே பின்னே காட்டினால் ஒன்றும் ஆகாது. ஒரு மாத்திரை போட்டுவிட்டுப் படுத்தால் விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். லுகேமியா, லிம்ஃபோமா, மைலோமா என்று ரத்தப் புற்று இருக்கிற வீட்டில் அப்படி இல்லை. இங்கே அந்த அரை டிகிரியை வைத்துத்தான் இரவு 2 மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.

முதல் நாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது தம்பி கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை வருஷம் டாக்டர்?" எல்லா வீட்டிலும் இதைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அவர் நிலை, மரபணுச் சோதனை என்று கொஞ்சம் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தக் கணக்கை அப்புறம் பேசுவோம். முதல் மூணு மாசத்தை நல்லபடியா தாண்டணும். வீட்ல தெர்மாமீட்டர் இருக்கா?" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர் பேச்சை மாற்றவில்லை. தம்பி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் புற்று. அந்தச் செல்களின் வேலையே கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடி செய்வதுதான். கெட்டுப்போன ஒரு செல்லின் வாரிசுகள் பெருகி, எதற்கும் உதவாத ஒரே மாதிரிப் புரதத்தைக் கொட்டிக் குவிக்கின்றன. நல்ல செல்களுக்கு இடமில்லாமல் போகிறது. அம்மாவின் ரிப்போர்ட்டில் ரத்தப் புரதம் ஏகத்துக்கும் இருந்தது, பயன்படும் ஆன்டிபாடி மட்டும் தரைதட்டியிருந்தது. இதற்கு மேல் சிகிச்சை வேறு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறது. லெனலிடமைடு வெள்ளை அணுக்களைக் குறைக்கும். போர்டிசோமிப் அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டும், அதனால் கூடவே அதைத் தடுக்கும் அசைக்ளோவிர் கொடுப்பார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மொத்த எதிர்ப்பையும் அமுக்கிவிடும்.

பிரிட்டனில் 1980 முதல் 2002 வரை நடந்த மைலோமா சிகிச்சை ஆய்வுகளில் சேர்ந்த 3,107 பேரின் கணக்கை ஒன்றாகப் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து 60 நாளுக்குள் பத்தில் ஒருவர் இறந்திருக்கிறார். அப்படி இறந்தவர்களில் 45 சதவீதம் பேருக்குக் காரணம் பாக்டீரியா தொற்று. அதாவது புற்றுநோய்க்கு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிவதற்கு முன்னாலேயே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பின்னால் அதே நாட்டில் புதிய நோயாளிகள் 977 பேரை வைத்து, முதல் 12 வாரம் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் அல்லது மரணம் என்ற கணக்கு 27 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைந்தது. டாக்டர் முதல் மூன்று மாதம் என்று சொன்னது சும்மா ஆறுதலுக்கு இல்லை.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன்.

அதை வாங்கியதற்குக் காரணம் அம்மாவின் தூக்கம். தொடாமலே அளக்கலாம், எழுப்ப வேண்டாம், ஒரு நொடியில் எண் வந்துவிடும் என்று போட்டிருந்தது. முதல் ஆறு வாரம் அதையே நம்பினேன். காலையில் 36.4, மாலையில் 36.6. நோட்டில் எழுதி எழுதி ஒரு நிம்மதி வந்திருந்தது. அந்த எண்களில் பாதி உண்மையில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது சுற்று மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில், அதாவது பாக்டீரியாவோடு முதலில் மோதும் வெள்ளை அணு, 600 என்று வந்திருந்தது. சாதாரணமாக 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது. ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், அம்மா கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் இரண்டு போர்வைக்குள் உடம்பு உதறிக்கொண்டிருக்கிறது. பல் கிட்டிக் கட்டில் சட்டம் தடதடவென்று அடிக்கிறது. நெற்றியில் துப்பாக்கியை வைத்தேன், 36.3. மறுபடி வைத்தேன், 36.1. தொட்டுப் பார்த்தால் நெற்றி ஜில்லென்றிருந்தது. ஜுரம் இல்லை, குளிர்தான் போல என்று இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டு நின்றேன். எத்தனை நிமிடம் அப்படி நின்றேன் என்று சொல்ல எனக்கு இன்றும் மனசு வரவில்லை. அப்புறம் என்னவோ தோன்றி, டே கேரில் (பகலில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் பிரிவு) கொடுத்த பையில் பிரிக்காமல் கிடந்த பேனா தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். 38.4.

இரண்டுக்கும் நடுவில் இரண்டு டிகிரி வித்தியாசம். கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கெடவில்லை. உடம்பு உதறும் நேரத்தில் மூளை உள்ளே வெப்பத்தை ஏற்றச் சொல்கிறது. வெப்பம் வெளியே போகாமல் இருக்கத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தோல் குளிர்ந்துவிடுகிறது, உள்ளே கொதிக்கிறது. நெற்றித் துப்பாக்கி அளப்பது தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை. தோல் குளிர்ந்திருந்தால் அது குளிர் என்றுதான் சொல்லும். காய்ச்சல் ஏறுகிற அந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில்தான் நமக்கு உண்மை தெரிய வேண்டும். அந்த நேரத்தில்தான் இந்தக் கருவி தவறான நிம்மதியைக் கொடுக்கிறது. வியர்வை, மின்விசிறிக் காற்று, ஏசி, பிடிக்கும் தூரம் எல்லாமே எண்ணை மாற்றும். ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அது உதவலாம். எதிர்ப்பு சக்தி குறைந்த ஒருவருக்கு, வீட்டில், இதை வாங்காதீர்கள். ஏற்கனவே இருந்தால் மற்றவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய இரவு அதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலிலும் ஒருவர் கையில் அதே மாதிரி துப்பாக்கிதான். ஏசி காற்று நேராக அடிக்கும் இடம். நெற்றியில் காட்டிவிட்டு, "ஜுரம் இல்லையேம்மா, உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்த கருவி அது. நான் பையிலிருந்து பேனா தெர்மாமீட்டரை எடுத்துப் பட்டனை அழுத்தினேன். இந்தக் கருவியில், திறந்ததும் கடைசியாக அளந்த எண் இரண்டு நொடி திரையில் நிற்கும். 38.4 என்று நின்றது. கூடவே டே கேரில் கொடுத்த அட்டையையும் நீட்டினேன். "இவர் கீமோ எடுத்துக்கொள்பவர். 38-க்கு மேல் காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வைக்காதீர்கள்" என்று அச்சடித்த அட்டை. ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்து, வாயில் வைத்து அளந்தார். 38.7. "ஏம்மா இதை முன்னாடியே சொல்லலை?" என்று சொல்லிக்கொண்டே வீல்சேரைத் தள்ளினார். ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பி, முதல் ஆன்டிபயாட்டிக் ஏறும்போது நாங்கள் உள்ளே நுழைந்து 50 நிமிடம் ஆகியிருந்தது.

அந்த நிமிடக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும் என்பதுதான் புற்றுநோய் மருத்துவத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. இதன் பின்னால் பெரிய கதையே இருக்கிறது. 1966-இல் ஜெரால்டு போடி என்ற அமெரிக்க டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் 52 லுகேமியா நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, வெள்ளை அணு எவ்வளவு குறைகிறதோ, எத்தனை நாள் குறைந்தே இருக்கிறதோ, அவ்வளவு தொற்று வருகிறது என்று எண்ணால் காட்டினார்கள். அப்போதெல்லாம் கல்ச்சரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்த்து மருந்து கொடுப்பதுதான் வழக்கம். முடிவு வருவதற்குள் பலர் போய்விடுவார்கள். 1971-இல் ஸ்டீஃபன் ஷிம்ஃப் குழுவினர் காத்திருக்காமல் காய்ச்சல் வந்தவுடனேயே இரண்டு ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று எழுதினார்கள். அன்று இரவு அம்மாவின் கையில் ஏறிய பைபராசிலின்-டாசோபாக்டம் பாட்டில் அந்த வழியில் வந்ததுதான்.

வேறு எந்த அறிகுறியும் இல்லாதபோது காய்ச்சலை மட்டும் வைத்து இத்தனை அவசரம் ஏன்? இதை சிஸ்டர் சொன்ன விதம் எனக்கு மறக்காது. "சீழ்னு சொல்றோமே, அதுவே வெள்ளை அணுதாம்மா. அணு இல்லைன்னா சீழ் ஏது, வீக்கம் ஏது?" நமக்குப் புண் சிவப்பதும், வீங்குவதும், சளி கட்டுவதும் வெள்ளை அணுக்கள் வந்து சண்டை போடுவதால்தான். அவை இல்லாத உடம்பில் கிருமி சத்தமில்லாமல் பெருகும். அம்மாவுக்கு முதல் எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் சிடி எடுத்தபோதுதான் வலது பக்கம் அடியில் நிமோனியா தெரிந்தது. கல்ச்சரில் நியூமோகாக்கஸ் வளர்ந்தது. வழுவழுப்பான மேலுறை போர்த்திய கிருமி அது. ஆன்டிபாடி போய் அடையாளம் ஒட்டினால்தான் வெள்ளை அணு அதைப் பிடிக்க முடியும். அம்மாவிடம் ஆன்டிபாடியும் இல்லை, அணுவும் பாதிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் சாட்சி சொன்னது நாக்குக்கு அடியில் வைத்த அந்த நுனி ஒன்றுதான். ஒன்பது நாளில் வீடு திரும்பினோம்.

காது தெர்மாமீட்டரை அதற்குப் பிறகு வாங்கினேன், வேகமும் வேண்டும் சரியாகவும் இருக்க வேண்டும் என்று. துப்பாக்கியைவிட நல்லதுதான். செவிப்பறை மூளைக்குப் பக்கத்தில் இருப்பதால் உள் வெப்பத்துக்கு நெருங்கிய எண் வரும். ஆனால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, நுனியைச் சரியான கோணத்தில் வைக்க வேண்டும். காதழுக்கு இருந்தால் குறைத்துக் காட்டும். தலையணையில் அழுந்திய காதில் கூடுதலாகக் காட்டும். ஒரே நிமிடத்தில் இடது காதில் 37.5, வலது காதில் 38.0 என்று வந்தால் எதை டாக்டரிடம் சொல்வது? ஒவ்வொரு முறையும் புது உறை போட வேண்டும், உறை தீர்ந்துபோனால் கருவி சும்மா. கை பழகிய ஒருவர் எப்போதும் கூட இருக்கும் வீட்டுக்குச் சரிவரும். எங்கள் வீட்டில் நான், தம்பி, சித்தி என்று மாறி மாறிப் பார்க்கிறோம், ஆளுக்கொரு எண் வந்தது.

அப்புறம் பேனா தெர்மாமீட்டர். இதில் எனக்குப் பிடித்ததை முதலில் சொல்கிறேன்.

வளையும் நுனி. இதன் அருமை மருந்தின் நடுவில்தான் தெரியும். கெட்டியான நுனி ஈறில் இடித்தால் அந்த நேரத்தில் சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல். பிளேட்லெட் குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது. இது நாக்குக்கு அடியில், நடுவில் இல்லாமல் பக்கவாட்டில், பின்பக்கக் குழியில் போய் மெத்தென்று உட்கார்கிறது. அந்தக் குழியில் வைத்தால்தான் சரியான எண் வரும். முன்பல்லுக்குப் பின்னால் சும்மா வைத்தால் குறைத்துக் காட்டும், சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

திரை எண் பெரியது, பின்னால் வெளிச்சம் உண்டு. விளக்குப் போடாமல் பார்க்கலாம். கடைசி எண் நினைவில் நிற்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டும் வருகிறது. டாக்டர் 38 என்பார், அம்மாவுக்கு 100.4 என்றால்தான் புரியும். வீட்டில் எல்லோரும் ஒரே அளவில் பேசுங்கள். சித்தி ஒரு தடவை போனில் "தொண்ணூத்தெட்டு" என்று சொன்னதைத் தம்பி வேறு மாதிரி கேட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான். அன்றிலிருந்து செல்சியஸ் மட்டும்தான்.

குறைகளும் உண்டு. பத்து நொடியில் எண் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பத்து நொடியில் பீப் வருவது உண்மை, ஆனால் அது கருவி முன்கூட்டியே ஊகித்துச் சொல்லும் எண். பீப் வந்த பிறகும் எடுக்காமல் வைத்திருந்தால் எங்களுடையதில் இன்னும் 0.2 வரை ஏறியிருக்கிறது. 37.8-க்கும் 38.0-க்கும் நடுவே இருக்கும் இடைவெளி அது. அதனால் பீப்பை மதிக்காமல், வாயை மூடி முழுசாக மூன்று நிமிடம் வைக்கிறோம். அடுத்தது அந்த பீப் சத்தமே. 37.8 தாண்டினால் படபடவென்று வேகமாக அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதுமே அம்மாவின் முகம் போய்விடும். சத்தத்தை நிறுத்த வழியே வைக்கவில்லை. பயந்திருக்கும் நோயாளியின் வாயில் வைக்கிற பொருளில் அது வேண்டாத வேலை. மூடி சீக்கிரம் தொலைந்துவிடும். நுனியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறோம், திரை இருக்கும் பக்கம் மட்டும் நனையக் கூடாது. அம்மாவுடையதை வேறு யாரும் தொடுவதில்லை.

இனி, எந்த தெர்மாமீட்டராலும் முடியாதது. இதை வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். டெக்ஸாமெத்தசோன் போடும் நாளிலும் மறுநாளும் காய்ச்சல் ஏறாமலே தொற்று இருக்கலாம். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். பாரசிட்டமாலும் அப்படித்தான், அதனால் அளந்து பார்த்து டாக்டரிடம் பேசாமல் நாங்கள் அந்த மாத்திரையைத் தொடுவதில்லை. உடம்பு உதறல், மூச்சு வாங்குதல், திடீர்க் குழப்பம், எழ முடியாத அசதி இவற்றில் ஒன்று வந்தாலும் எண் 36.8 என்றிருந்தாலும் கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நோட்டில் இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: "எப்படி இருக்கிறாள்?" ஸ்டீராய்டு நாட்களில் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

ஏழாம் மாதம் அம்மாவுக்கு அவளுடைய ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் மாற்று சிகிச்சை நடந்தது. மெல்ஃபலான் என்ற மருந்தை அதிக அளவில் கொடுத்து மஜ்ஜையைத் துடைத்துவிடுவார்கள். மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் கட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாயின் ரத்தக் குழாய் சுருங்கினால் மருந்து அங்கே குறைவாகப் போகும், புண் குறையும். அப்படியும் புண் வந்தது. நாக்கைத் தூக்க முடியவில்லை, அதனால் அக்குளில் வைத்தார்கள். அக்குளில் ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டும் என்பதால் எந்த இடத்தில் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதுவார்கள். ஆசனவாயில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வைக்கக் கூடாது. வெள்ளை அணு இல்லாத நேரத்தில் அங்கே ஏற்படும் சின்ன உரசல்கூட ரத்தத்தில் கிருமியைக் கலந்துவிடும். ஐந்து நாள் அம்மாவின் நியூட்ரோஃபில் கணக்கில் பூஜ்யம் என்று வந்தது. நான்கு மணிக்கொரு தடவை காய்ச்சல் பார்த்தார்கள். ஒரு நாள் 100, மறுநாள் 300, அப்புறம் 600, 900, 1,400. 500-க்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால் புதிய மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். 600 என்ற எண் மூன்றாம் மாதத்தில் என்னைக் கதிகலங்க வைத்தது. அதே 600-ஐ அந்த அறையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொண்டாடினோம்.

தம்பியின் கேள்வியை விட்டுவிட்டேன். அவன் டாக்டர் சொல்லாததை இரவெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு ஒரு நாள் வந்து நின்றான். "மூணாம் நிலைக்கு 29 மாசம்னு போட்டிருக்கு." அது 2005-இல் வந்த நிலைப் பிரிவு. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்புமின் என்ற இரண்டு ரத்தச் சோதனைகளை வைத்துப் பிரித்தது. முதல் நிலைக்கு 62 மாதம், இரண்டாவதற்கு 44, மூன்றாவதற்கு 29. அடுத்த தடவை போனபோது டாக்டரிடமே கேட்டோம். அவர் இரண்டு விஷயம் சொன்னார். 29 மாதம் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று பொருள், எல்லோருக்கும் அன்றோடு முடிகிறது என்று பொருள் இல்லை. இரண்டாவது, அந்தக் கணக்கில் இருப்பவர்கள் பழைய மருந்துகளின் காலத்தவர்கள். போர்டிசோமிப் 2003-இலும் லெனலிடமைடு 2006-இலும் டராடுமுமாப் 2015-இலும்தான் மைலோமாவுக்கு வந்தன. அமெரிக்கக் கணக்கில் 1970-களின் நடுவில் நான்கில் ஒருவர்தான் ஐந்து ஆண்டு தாண்டினார். இப்போது பத்தில் ஆறு பேர் தாண்டுகிறார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். புதிய மருந்துகளால் ஆயுள் நீள்கிறது, அதோடு எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் காலமும் நீள்கிறது. இப்போது வரும் கார்-டி சிகிச்சை (நோயாளியின் டி செல்லையே எடுத்து மாற்றித் திருப்பிக் கொடுப்பது), ஒரு பக்கம் புற்று செல்லையும் மறுபக்கம் எதிர்ப்பு செல்லையும் பிடிக்கும் இரட்டைப் பிடிமான ஆன்டிபாடி மருந்துகள் எல்லாம் புற்றோடு நல்ல பிளாஸ்மா செல்லையும் சேர்த்தே அழிக்கின்றன. அதனால் பலருக்கு வெளியிலிருந்து இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் ஆன்டிபாடி, ஏற்ற வேண்டியிருக்கிறது. தடுப்பூசி போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது. நோயாளிக்கு மட்டும் இல்லாமல் கூட இருக்கும் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். நாங்கள் மூவரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டோம். சித்திக்கு ஊசி என்றால் பயம், அக்காவுக்காக வந்து உட்கார்ந்தாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: வளையும் நுனி, நினைவு, வெளிச்சத் திரை இந்த மூன்றும் இருக்கிற பேனா தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று கட்டில் பக்கத்தில், ஒன்று ஆஸ்பத்திரிப் பையில் அந்த அட்டையோடு. வாங்கிய அன்றே நல்ல உடம்போடு இருக்கும் ஒருவர் வாயில் மாறி மாறி வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சூடாகவோ குளிராகவோ எதையாவது குடித்திருந்தால் அரை மணி கழித்து வையுங்கள். எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று உங்கள் டாக்டரிடமே கேட்டு, பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். எங்களுக்கு 38.0. ஒரு தடவை 38.3 வந்தாலே, அல்லது 38.0 ஒரு மணி நேரம் நின்றாலே காய்ச்சல் என்பது பொது விதி. எங்கள் டாக்டர் அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் காத்திருக்க வேண்டாம் என்றார்.

எத்தனை தடவை பார்ப்பது? நிமோனியாவுக்குப் பிறகு நான் ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை வைத்தேன். அம்மா ஒரு நாள் தெர்மாமீட்டரைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "நீ என்னைப் பார்க்கறதே இல்லை, இதைத்தான் பார்க்கறே" என்றாள். இப்போது காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, உடம்புக்கு என்னவோ செய்கிறது என்று அவளே சொன்னால் ஒரு தடவை. அளப்பதும் எழுதுவதும் அவள்தான். நேற்று மாலை 36.7, பக்கத்துக் கட்டத்தில் அவள் கையெழுத்தில் "முட்டி வலி, மத்தபடி நல்லா இருக்கேன்." இரண்டாவது நோட்டு முக்கால்வாசி முடிந்துவிட்டது, மூன்றாவது வாங்க வேண்டும்.